அம்மாவின் சோர்வுக்குக் கல்யாணக் கவலைதான் காரணமா?

கேள்வி: என் அம்மாவுக்கு வயது 52. மூட்டுவலிக்காகப் பழைய சீட்டைக் காட்டி, பிரெட்னிசோலோன் 10 மில்லிகிராம் மாத்திரையை மருந்துக்கடையில் வாங்கி இரண்டு ஆண்டுகளாகத் தினமும் சாப்பிட்டு வந்தார். முகம் வீங்கிச் சர்க்கரையும் ஏறியதால், மூன்று வாரங்களுக்கு முன் ஒரேயடியாக நிறுத்திவிட்டார். இப்போது கதவு நிலையைப் பிடித்துக்கொண்டுதான் எழுகிறார். இட்லியைப் பார்த்தாலே குமட்டுகிறது என்கிறார். அடுத்த மாதம் தங்கைக்குக் கல்யாணம். கவலையால் வந்த நரம்புத் தளர்ச்சி, டானிக் போதும் என்கிறார்கள் உறவினர்கள். சரியா?
- ஒரு வாசகி, சேலம்

பதில்: சகோதரி, டானிக் போதாது. இந்த இதழ் உங்கள் கைக்கு வரும்வரை காத்திருக்க வேண்டாம் என்று உங்களுக்குத் தனியாகவும் எழுதியிருக்கிறேன். மாத்திரை அட்டையையும் பழைய சீட்டையும் எடுத்துக்கொண்டு அம்மாவை இன்றே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.

நமக்கு ஒரு நெருக்கடி வந்தால் உடல் இரண்டு வழிகளில் எதிர்கொள்கிறது. நரம்புகளின் வழியே சில நொடிகளில் அட்ரீனலின் சுரந்து நெஞ்சு படபடக்கிறது, கை வியர்க்கிறது. அதன்பின், மூளையின் அடிப்பகுதியில் உள்ள ஹைப்போதலாமஸ் பிட்யூட்டரிச் சுரப்பியைத் தூண்ட, அது சிறுநீரகங்களின் மேல் தொப்பி போல் அமர்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பிகளைத் தூண்டி, கார்ட்டிசால் என்னும் ஹார்மோனைச் சுரக்கச் செய்கிறது. இரத்த அழுத்தமும் சர்க்கரையும் சரிந்துவிடாமல் தாங்குவதில் இதற்குப் பெரும்பங்கு உண்டு.

பிரெட்னிசோலோன், கார்ட்டிசாலைப் போலவே வேலை செய்யும் ஸ்டீராய்டு மருந்து. அதில் 5 மில்லிகிராம், உடல் ஒரு நாளில் தானே சுரக்கும் கார்ட்டிசாலுக்கு ஏறக்குறைய ஈடானது. அம்மா எடுத்ததோ அதைப் போல் இரு மடங்கு. வெளியிலிருந்து இவ்வளவு வரும்போது, இனித் தேவையில்லை என்று மூளை தன் கட்டளையை நிறுத்திக்கொள்கிறது. வேலையற்ற சுரப்பி சுருங்கிப் போகிறது. மாத்திரையை நிறுத்திய மறுநாளே அது விழித்துக்கொள்வதில்லை. சிலருக்கு மாதக்கணக்கில், ஓராண்டுகூட ஆகலாம். நீங்கள் எழுதியிருக்கும் சோர்வு, தலைச்சுற்றல், குமட்டல் எல்லாம் இந்தக் கார்ட்டிசால் பற்றாக்குறையின் அடையாளங்களாகவே எனக்குப் படுகின்றன. காலை எட்டு மணியளவில் இரத்தத்தில் கார்ட்டிசால் அளவைப் பார்த்து மருத்துவர் உறுதிசெய்வார்.

இது புதிதாகத் தெரியவந்த ஆபத்தும் அன்று. மூட்டுவாத நோயாளிக்கு 1948இல் முதன்முதலாகக் கார்ட்டிசோன் என்னும் இதே வகை ஸ்டீராய்டைச் செலுத்திய அமெரிக்க மருத்துவர் ஃபிலிப் ஹென்ச், 1950இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். அறுவைச் சிகிச்சைக்கு முன் அதே மருந்தை நிறுத்திய ஒரு நோயாளி இறந்த செய்தி 1952இலேயே மருத்துவ இதழில் பதிவாகிவிட்டது. அப்படியிருந்தும் இன்றும் பழைய சீட்டுக்கு இம்மாத்திரை கிடைப்பது எனக்கு மிகுந்த வேதனையைத் தருகிறது.

உறவினர்கள் சொல்வதில் ஒரு துளி உண்மை இருக்கிறது. கல்யாண வேலையும் கவலையும் அம்மாவின் உடலுக்குச் சுமைதான். ஆனால் அந்தச் சுமையைத் தாங்கும் ஹார்மோன் இப்போது அவரிடம் போதிய அளவில் இல்லாதிருக்கலாம். ஆகவே மனத்தைத் தேற்றிக்கொள் என்று அவரைக் கடிந்துகொள்ளாதீர்கள். மருத்துவர் மாத்திரையை மீண்டும் தொடங்கி, வாரக்கணக்கில் சிறிது சிறிதாகக் குறைப்பார். அதைக் கண்டு அஞ்ச வேண்டாம். மூட்டு நோய்க்கும் ஏற்ற வேறு மருந்துகள் உள்ளன, கேளுங்கள். இடையில் காய்ச்சல் வந்தால் அளவைக் கூட்ட வேண்டியிருக்கும்; எவ்வளவு என்பதை முன்கூட்டியே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

அம்மா தொடர்ந்து வாந்தி எடுத்தாலோ, மயங்கினாலோ, பேச்சுக் குழறினாலோ உடனே 108ஐ அழையுங்கள். கார்ட்டிசாலை ஈடுசெய்யும் ஹைட்ரோகார்ட்டிசோன் ஊசி உயிர்காக்கும். முதலில் வரும் மருத்துவரிடம், "இரண்டு ஆண்டுகள் ஸ்டீராய்டு எடுத்தவர், திடீரென நிறுத்திவிட்டார்" என்பதை மற்றெதற்கும் முன்னால் சொல்லுங்கள்.