சிறிய மருத்துவமனையில் பிரசவம்: தாயின் உயிருக்கு ஆபத்து கூடுவது ஏன்?

கர்ப்ப காலத்திலோ, கர்ப்பம் முடிந்த 42 நாள்களுக்குள்ளோ, கர்ப்பம் தொடர்பான காரணத்தால் ஒரு பெண் இறப்பதையே பேறுகால மரணம் என்கிறோம். பெருங்காரணங்கள் மூன்று: இரத்தப்போக்கு, வலிப்பு வரை போகும் உயர் இரத்த அழுத்தம், கிருமித்தொற்று.

இவற்றில் இரத்தப்போக்குதான் மிக வேகமாகக் கொல்லும். மலேசியாவில் நம் சுங்கை சிப்புட் பக்கம் ரப்பர் மரத்தில் பால் வெட்டியவர்களுக்கு இது எளிதில் விளங்கும். வெட்டிய கோட்டில் பால் தானே உறைந்து நின்றுவிடும். கருப்பைக்கு உறைதல் மட்டும் போதாது. தசை இறுகி இரத்தக் குழாய்களை நெரிக்க வேண்டும். நிறைமாதத்தில் அங்கே நிமிடத்துக்கு ஏறக்குறைய அரை லிட்டர் இரத்தம் பாய்கிறது. தசை தளர்ந்தால் கைவசம் இருப்பது சில நிமிடங்களே.

அந்த நிமிடங்களில் சிறிய மருத்துவமனையில் இரத்த வங்கி இல்லை, இரவில் அறுவை மருத்துவர் இல்லை, கருப்பையை இறுக்கும் ஆக்ஸிடோசின் மருந்து குளிரில் வைக்கப்படாமல் வீரியம் இழந்துவிட்டது என்றால்? செம்பனைக் காட்டு மண்சாலையில் வண்டிக்குக் காத்திருந்த நேரமும் இதோடு சேரும். இரத்தசோகை உள்ள தாய்க்குச் சிறிய இழப்பே பேரிழப்பு; மாதப் பரிசோதனையில் இதைத்தான் நான் முதலில் கேட்கச் சொல்வேன். அரசாங்கக் கிளினிக் தரும் கர்ப்பப் புத்தகத்தில் சிவப்புக் குறி இருந்தால் தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள்.

“முதல் இரண்டும் சுகப்பிரசவம், இதற்குப் பயமில்லை” என்று பலர் நம்புகிறார்கள். ஆனால் எந்த ஆபத்துக் குறியும் இல்லாத தாய்மாருக்கும் கடும் இரத்தப்போக்கு வருகிறது.