கிளட்ச் மாத்தியாச்சு, கருகல் வாடை மட்டும் போகலையே!

கேள்வி: அண்ணே வணக்கம். நமக்கு நீடாமங்கலம் பக்கம் ஒரு கிராமம். 2013 மாடல் சின்ன பெட்ரோல் கார், 82,000 கிலோமீட்டர் ஓடிருக்கு. கிளட்ச் வழுக்குதுன்னு போன மாசம் கியர் பாக்ஸ் இறக்கி கிளட்ச் பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூணும் புதுசா போட்டாச்சு. வண்டிய எடுத்த அன்னிக்கே கருகல் வாடை. புது பிளேட்டுன்னா அப்படித்தான் சார் ஓட ஓட சரியாயிடும்னாரு மெக்கானிக். இப்ப 600 கிலோமீட்டர் ஆச்சு, இன்னும் வருது, கும்பகோணம் டவுனுக்குள்ள மாட்டிக்கிட்டு வந்தா ஜாஸ்தியாவே வருது. பெடல் முக்காவாசி மேல வந்தப்புறம்தான் வண்டி நகருது. கொடுத்த காசு கண்ணு முன்னாடியே புகையா போகுதேன்னு வீட்ல தினம் பாட்டு. திரும்பவும் கியர் பாக்ஸ் இறக்கணுமா?

பதில்: இருங்க, அவசரப்பட்டு இறக்காதீங்க, அது மூட்டைப்பூச்சிக்கு பயந்து வீட்ட கொளுத்துன கதையாயிடும். மெக்கானிக் சொன்னது பாதி சரிதான். புது பிளேட் முதல் தடவ சூடாகுறப்ப அதுல இருக்குற பிசின் லேசா கருகும், பிரஷர் பிளேட்ல துரு பிடிக்காம இருக்க கம்பெனில பூசி அனுப்புற எண்ணெய துடைக்காம மாட்டியிருந்தா அதுவும் சேந்து நாறும். ஆனா அந்த வாடை நாளுக்கு நாள் குறைஞ்சுக்கிட்டே வரணும், அதான் கணக்கு. உங்களுக்கு 600 ஓடியும் குறையல, டவுன்ல கூடுது, அப்ப அது புது பிளேட் வாடை இல்ல.

நீங்க போற போக்குல எழுதியிருக்கீங்களே, பெடல் மேல வந்தப்புறம்தான் வண்டி நகருதுன்னு, எனக்கு அந்த ஒரு வரி போதும். உங்களுது கேபிள் கிளட்சா (பெடல்ல இருந்து கிளட்சுக்கு கம்பி போற வகை) இருந்தா மொதல்ல கேபிளத்தான் பாக்கணும். பிளேட் தேயத் தேய கேபிள்ல இருக்குற லூஸ் குறையும், புது பிளேட் போட்டா லூஸ் திரும்ப ஜாஸ்தியாகும், அதனால மாட்டி முடிச்சதும் கேபிள் நட்ட இறுக்கித்தான் ஆகணும், அந்த எடத்துல கை ரெண்டு சுத்து கூடுதலா போயிடுச்சுன்னா நீங்க கால எடுத்தாலும் கேபிள் விடாம ஃபோர்க்க (ரிலீஸ் பேரிங்க தள்ளுற கவட்டை) இழுத்துக்கிட்டே இருக்கும், பிரஷர் பிளேட் முழு பலத்தோட பிளேட்ட அழுத்தாது, அரைகுறையா பிடிச்சு உரசிக்கிட்டே ஓடும். எஞ்சின ஆஃப் பண்ணிட்டு குனிஞ்சு பெடல கையால அமுக்கி பாருங்க (காலுக்கு தெரியாது, கைக்குத்தான் தெரியும்). மேல கொஞ்ச தூரம், ஒரு விரல் அகலம்னு வச்சுக்கங்க, எதிர்ப்பே இல்லாம லொட லொடன்னு போகணும். சரியான அளவு வண்டிக்கு வண்டி மாறும், மேனுவல்ல இருக்கும். தொட்ட உடனே விறைப்பா நின்னா நட்ட தளர்த்த சொல்லுங்க, பத்து நிமிஷ வேல. ரொம்ப தளர்த்திட்டா ரிவர்ஸ் போடுறப்ப கரகரன்னு அரைக்கும், அது தெரிஞ்சா கொஞ்சம் திரும்ப இறுக்கிக்கலாம்.

தளர்த்தியும் வருதுன்னா ஆள் இல்லாத ரோட்ல 40ல போய் நாலாவது கியர்ல ஆக்சிலேட்டர முழுசா அமுக்குங்க. எஞ்சின் சத்தம் மட்டும் எகிறி வண்டி வேகம் கூடலன்னா கிளட்ச் வழுக்குது. ஒரு தடவ போதும், ஆசைக்கு நாலு தடவ பண்ணி இருக்குற பிளேட்டயும் தீத்துடாதீங்க. வழுக்குதுன்னா அடுத்த சந்தேகம் ஆயில். ராத்திரி எஞ்சினும் கியர் பாக்ஸும் சேர்ற எடத்துக்கு நேர் கீழ ஒரு அட்டைய போட்டு வைங்க. காலைல கறுப்பா சொட்டியிருந்தா எஞ்சின் பின்பக்க ஆயில் சீல், மோந்து பாத்தா கந்தக நாத்தம் அடிச்சா அது கியர் ஆயில், இன்புட் ஷாஃப்ட் சீல் போயிருக்கும். அப்ப வேற வழியில்ல, இறக்கித்தான் ஆகணும். ஆயில் குடிச்ச பிளேட்ட பெட்ரோல்ல கழுவி மாட்டித் தரேன்னு சொன்னா ஒத்துக்காதீங்க, அது ஊறினது ஊறினதுதான், திரும்ப சூடானா கக்கும். இறக்குற அன்னிக்கு நீங்களும் பக்கத்துல நின்னு பிளைவீல (எஞ்சினோட சுத்துற கனமான சக்கரம், கிளட்ச் பிளேட் இதுலதான் உரசும்) பாருங்க, முகம் கண்ணாடி மாதிரி பளபளன்னு இருந்தாலோ நீலம் பூத்த புள்ளி இருந்தாலோ லேத் பட்டறைக்கு கொடுத்து முகம் எடுத்துட்டுத்தான் (மேல் பரப்ப சீவிட்டுத்தான்) மாட்டணும். நிறைய எடத்துல இத விட்டுடுறாங்க, பழைய கிளட்ச் வழுக்கித்தான போச்சு, அந்த சூடெல்லாம் வாங்குனது இதே பிளைவீல்தானே.

வழுக்கவே இல்ல, ஆனா வாடை வருதுன்னா மூக்கத்தான் நம்பணும். கருகுன அட்டை மாதிரி அடிச்சா கிளட்ச், இல்ல பிரேக். ஓட்டி நிறுத்துனதும் நாலு வீல் கிட்டயும் கைய தொடாம காட்டி பாருங்க, ஒண்ணு மட்டும் அனலடிச்சா அங்க பிரேக் பிடிச்சிருக்கு. பிளாஸ்டிக் வாடை, அதுவும் ஸ்டார்ட் பண்றப்ப மட்டும் வந்தா கியர் பாக்ஸ் போல்ட்ல மாட்டுற எர்த் வயர மறந்துட்டாங்களான்னு பாருங்க. அது இல்லன்னா ஸ்டார்ட்டர் இழுக்குற கரண்ட் கிளட்ச் கேபிள், கியர் கேபிள் வழியா வழி தேடும், கேபிளே சூடாகி உறை உருகும்.

இன்னொண்ணு, நம்ம டெல்டாக்காரங்களுக்கு மட்டும். சம்பா அறுப்பு நேரத்துல ரோடு பூரா வைக்கோல், அப்புறம் உளுந்துச் செடிய வேற வண்டி ஏறி மிதிக்கட்டும்னு பரப்பிடுவாங்க. போன வருஷம் மாசி மாசம் இதே மாதிரி கிளட்ச் வாடைன்னு ஒரு வண்டி நம்ம பட்டறைக்கு வந்துது, இறக்கிடுங்க அண்ணேன்னு ஒரே பிடிவாதம். தூக்கி பாத்தா ஆக்சில்ல வைக்கோல் ஜடை பின்னுன மாதிரி சுத்தி கெடக்கு, அதோட வாலு சைலன்சர தொட்டு நுனி கரிஞ்சு போயிருக்கு. கட்டிங் பிளையரால பிச்சு எடுத்தேன், ஒரு கை நிறைய. வாடை போச்சு. சும்மா விட்டிருந்தா வண்டியே எரிஞ்சிருக்கும்.

கோவிச்சுக்காதீங்க, கடைசியா உங்க கால பத்தி. நம்ம ஊரு தட்டை பூமி, மேடுன்னா ஆத்துப் பாலம் ஏறுற எடம்தான். அந்த ஏத்தத்துல டிராஃபிக்ல நிக்குறப்ப ஹேண்ட் பிரேக் போடாம அரை கிளட்ச்லயே வண்டிய தாங்கி பிடிக்கிற பழக்கம் நிறைய பேருக்கு இருக்கு. உங்க ஊரு ரயில்வே கேட்ட பத்தி நான் சொல்லவே வேணாம். கேட் போட்டா நியூட்ரல் பண்ணி கால எடுத்துடுங்க.

கேள்வி: ஐப்பசி மழையில வீட்டு வாசல்ல காருக்கு முழங்கால் அளவு தண்ணி, பத்து நாள் எடுக்கல. இப்ப ஸ்டார்ட் ஆகுது, ஆனா கிளட்ச அமுக்குனாலும் கியர் விழ மாட்டேங்குது. கிளட்ச் போச்சா? – வேதாரண்யம் வாசகி

பதில்: போகலம்மா, ஒட்டிக்கிச்சு. தண்ணி உள்ள போய் பிளைவீல் துருப்பிடிச்சு பிளேட்டோட பிடிச்சிருக்கும். சில பேர் கியர்ல போட்டு ஸ்டார்ட் பண்ணி குலுக்கி விடுவிப்பாங்க, நீங்க அத பண்ணாதீங்க, வண்டி பாயும். மெக்கானிக்க வீட்டுக்கே கூப்பிடுங்க. அதோட எஞ்சின் ஆயிலயும் கியர் ஆயிலயும் பாக்க சொல்லுங்க, பால் காபி கலர்ல இருந்தா தண்ணி கலந்திருக்கு, மாத்தாம ஸ்டார்ட்டே பண்ணாதீங்க.