எல்லா ஆபீஸ்லயும் ஒரே தப்பு மேப்பு: யார் மேல கேஸ் போடுறது?

ஈரோடு மாவட்டத்துல இருந்து ஒரு வாசகர் நாலு பக்கம் எழுதியிருக்கார். சுருக்கமா சொன்னா, 1971 பாகப்பிரிவினை பத்திரத்துல அவங்க அப்பாவுக்கு வந்தது 62 சென்ட். அதுல கிணத்துப் பக்கம் 5 சென்ட், 1980கள்ல நில ஆவணத்தைப் புதுப்பிக்க நடந்த யூ.டி.ஆர். சர்வேல பெரியப்பா மகனோட சப்-டிவிஷனுக்குள்ள (சர்வே நம்பரோட உட்பிரிவு) போயிடுச்சு. தென்னையும் பம்ப்செட்டும் இன்னிக்கும் இவர் அனுபவத்துலதான் இருக்கு. வீடு கட்ட லோனுக்குப் போனப்பதான் விஷயம் தெரிஞ்சிருக்கு, பேங்க், பிளான் அப்ரூவல், பத்திர ஆபீஸ்னு எங்க போனாலும் அதே எஃப்.எம்.பி. மேப்தான் (சர்வே துறையோட நில அளவு வரைபடம்) வருது. "ஒரு துறை பண்ண தப்பை எல்லா துறைக்கும் பரப்பிட்டாங்க, எல்லார் மேலயும் கேஸ் போடலாமா?"ன்னு கேக்குறார்.

எல்லார் மேலயும் போடாதீங்க. பெரியப்பா மகன் கல்யாணத்துக்குக் கூப்பிடாதது, வி.ஏ.ஓ. உட்கார வைக்காம பேசினது, இதெல்லாம் வேற கணக்கு, கோர்ட்ல ஒரு வரிக்கும் உதவாது. தாசில்தார் "சிவில் கோர்ட்டுக்குப் போங்க"ன்னு மனுவைத் தள்ளினதை அவமானம்னு எழுதியிருக்கீங்க. அது அவமானம் இல்ல சார், பாத்தியதையில, அதாவது சொத்து யாருக்குச் சொந்தம்ங்கிறதுல, தகராறு இருந்தா பட்டா பாஸ்புக் விதி 4(4)படி அவர் அப்படித்தான் அனுப்பணும். மேப்பை மத்த துறைங்க வாங்கிப் பார்க்குறாங்களே தவிர அவங்க யாரும் கோடு போடல. பத்திர ஆபீஸ் கம்ப்யூட்டர்ல பார்க்குறது ரெவின்யூ வெச்சிருக்கிற தமிழ்நிலம் டேட்டாவைத்தான், அங்க திருந்தினா மத்த இடத்துலயும் திருந்தும். இது புரியாம நாலு துறையையும் பிரதிவாதியா சேர்த்தா, அரசுக்கு சிவில் நடைமுறைச் சட்டம் பிரிவு 80 நோட்டீஸ் குடுத்து ரெண்டு மாசம் காத்திருக்கணும், லாபம் ஒண்ணும் இல்ல.

உங்க கேஸ்ல முக்கியம் ஒண்ணே ஒண்ணு, 1971 பத்திரத்தோட செக்குபந்தி, அதாவது அதுல எழுதியிருக்கிற நாலு பக்க எல்லை. பட்டாவும் எஃப்.எம்.பி.யும் பாத்தியதையைத் தராது, அதே மாதிரி உங்ககிட்ட இருக்கிறதைப் பறிக்கவும் செய்யாது. அளவும் எல்லையும் முரண்பட்டா பொதுவா எல்லைக்குத்தான் மதிப்பு. கிழக்கு எல்லை "கிணத்து மேட்டு வரப்பு"ன்னு எழுதியிருந்து அந்த வரப்பு இன்னும் இருந்தா பாதி கேஸ் ஜெயிச்ச மாதிரி.

இப்ப நான் பயப்படுற விஷயத்துக்கு வர்றேன். எதிர்பார்ட்டி, அதான் பெரியப்பா மகன், எல்லையை அளந்து காட்டச் சொல்லி எஃப்-லைன் மனு போடுவார். சர்வேயர் நோட்டீஸ் குடுத்துட்டு வருவார், அவர் அளக்குறது எஃப்.எம்.பி.ல இருக்கிற அளவை வெச்சுதான், உங்க பத்திரத்தை வெச்சு இல்ல, அதனால கல்லு கரெக்டா உங்க தென்னைக்கு இந்தப் பக்கம் விழும். அப்புறம் ஒரு பேப்பரை நீட்டுவாங்க, "அளந்ததுக்கு ஒரு கையெழுத்து சார், அவ்வளவுதான்." என்கிட்ட வந்த ஒருத்தர் மோட்டார் ரூம் திண்ணையில உட்கார்ந்து படிக்காம போட்டுட்டார், அதுல "அளந்து காட்டிய எல்லையை ஒப்புக்கொள்கிறேன்"னு இருந்திருக்கு. குறுக்கு விசாரணையில எதிர் வக்கீல் ரெண்டே கேள்விதான் கேட்டார். உங்க கையெழுத்தா? ஆமா. படிக்கத் தெரியுமா? தெரியும். உட்கார்ந்துட்டார். சர்வேயர் வந்தா தடுக்க வேணாம், சண்டையும் வேணாம், "எஃப்.எம்.பி. அளவு தப்பு, 1971 பத்திர எல்லைப்படி அனுபவத்துல இருக்கேன், ஆட்சேபிக்கிறேன்"னு எழுதி அதுக்குக் கீழ கையெழுத்துப் போடுங்க, போட்டோ எடுத்து வெச்சுக்கோங்க.

ரெண்டாவது ஆபத்து, அவர் வித்துடுறது. பட்டா, மேப் எல்லாம் அவர் பேர்ல சுத்தமா இருக்கு, முழு சப்-டிவிஷனையும் வித்தா பட்டா தானாவே வாங்குறவர் பேருக்கு மாறிடும். உங்க பழைய பத்திரம் பழைய சர்வே நம்பர்ல கிடக்குறதால அவர் சப்-டிவிஷனுக்கு ஈ.சி. (வில்லங்கச் சான்று) போட்டா அது வராமலே போகலாம். சப் ரிஜிஸ்ட்ராருக்கு ஆட்சேபனை மனு குடுத்துட்டேன்னு நிம்மதியா தூங்காதீங்க. கேஸ் நிலுவையில இருந்தாதான் சொத்துரிமை மாற்றுச் சட்டம் பிரிவு 52 கைகுடுக்கும், அப்புறம் வாங்குறவரையும் தீர்ப்பு கட்டுப்படுத்தும்.

கேஸ்னா வெறும் இன்ஜங்ஷன் (தடை உத்தரவு) போதும், ஃபீஸ் கம்மின்னு யாரோ சொன்னதா எழுதியிருக்கீங்க. எதிரி பேர்ல பட்டா இருக்கு, அவர் உரிமையும் கொண்டாடுறார், அப்ப விளம்புகை பரிகாரமும், அதாவது சொத்து உங்களோடதுன்னு கோர்ட் அறிவிக்கணும்னு, சேர்த்துக் கேக்கணும். 2008ல அனந்துல சுதாகர் வழக்குல சுப்ரீம் கோர்ட் இதைத் தெளிவா சொல்லியிருக்கு. விளம்புகைக்குப் பொதுவா மூணு வருஷம் லிமிட்டேஷன் (கேஸ் போடக் கெடு), தாசில்தார் தள்ளின தேதியில இருந்தோ அதுக்கு முன்னாடியோ எண்ணுவாங்க. ஆர்.டி.ஓ. அப்பீல், டி.ஆர்.ஓ. சீராய்வு, முதல்வர் தனிப்பிரிவு மனுன்னு சுத்துற நாளை அந்த மூணு வருஷத்துல இருந்து கழிச்சுடுவாங்கன்னு நம்பி உட்காராதீங்க.

உண்மையைச் சொல்லட்டுமா? 5 சென்ட்டுக்கு நான் கேஸை முதல் வழியா சொல்ல மாட்டேன். கோர்ட் அனுப்புற கமிஷனர் வந்து அளந்து, ரெண்டு அப்பீல் முடிய உங்க பையனே வீடு கட்டுற வயசுக்கு வந்துடுவான். பொதுவான ஆள் ஒருத்தரை வெச்சு பெரியப்பா மகன்கிட்ட பேசுங்க, லிமிட்டேஷன் தேதியை மட்டும் மனசுல வெச்சுக்கிட்டு. பாதைக்கோ கிணத்துத் தண்ணி முறைக்கோ ஏதாச்சும் கேப்பார், குடுத்துடுங்க. ஆனா இருபது ரூபாய் பத்திரத்துல எழுதி பீரோல வைக்கிற வேலை வேணாம், பதிவு பண்ணாத அந்தப் பேப்பர் பாத்தியதைக்கு செல்லாது. ஸ்கெட்ச்சோட விடுதலைப் பத்திரமா (உரிமை கோர மாட்டேன்னு அவர் எழுதிக் குடுக்குற பத்திரம்) ரிஜிஸ்டர் பண்ணுங்க, அதுல "யூ.டி.ஆர்.ல தவறுதலா என் பேரில் பதிவானது, எனக்கு எக்காலத்திலும் உரிமை இல்லை"ன்னு அவர் வாயாலயே வரணும், இல்லன்னா முன்னாடி அவருக்கு உரிமை இருந்ததா நீங்களே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும். அன்னிக்கே சப்-டிவிஷன் மனுவும் போட்டுடுங்க, கல்லு நட்டு புது எஃப்.எம்.பி. பிரிண்ட் கைக்கு வர்ற வரைக்கும் அஸ்திவாரம் தோண்ட ஆள் கூப்பிடாதீங்க.