இத்தாலிய மலிவுப் படங்கள் – கடிதம்

அன்புள்ள ஐயா,

இந்த கிறிஸ்துமஸ் விடுமுறையில் நாங்கள் எங்கும் போகவில்லை. கல்லூரியில் படிக்கும் என் மகன் பழைய இத்தாலியப் படங்களாகத் தேடிப் பிடித்தான். ஜோம்பிப் படம், பேய்ப் படம், போலீஸ் படம் என்று தினமும் ராத்திரி ஒன்று பார்த்தோம். கடலுக்கடியில் ஜோம்பியும் சுறாவும் மோதும் காட்சியில் அவன் விழுந்து விழுந்து சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஏன் பிடித்தது என்றும் சொல்லத் தெரியவில்லை. வாயசைவு ஒட்டவில்லை, கதையில் தர்க்கம் இல்லை. இவற்றைக் கேலி செய்துதான் பார்க்க வேண்டுமா? வேறு நல்ல படங்களைப் பார்த்திருக்கலாமோ? அடுத்து எதைப் பார்ப்பது, ஆங்கில டப்பிங்கிலா இத்தாலியிலா என்றும் சொல்லுங்கள்.

ஆர்.,
திருச்சி

அன்புள்ள ஆர்.,

உங்களுக்குச் சிரிப்பு வராததில் எனக்கு மகிழ்ச்சி. மோசமான படம் என்று முடிவு செய்துகொண்டு, கூட்டமாக உட்கார்ந்து சிரிப்பதற்காகவே பார்ப்பது இப்போது ஒரு பழக்கமாகிவிட்டது. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அப்படிப் பார்க்கிறவர்களுக்குப் படத்தில் காசு இல்லாதது மட்டும் தெரிகிறது. காசு இல்லாத இடத்தில் ஒருவர் கையால் என்ன செய்து காட்டினார் என்பது கண்ணில் படுவதில்லை.

நீங்கள் சொல்லும் சுறா, லூசியோ ஃபுல்சி இயக்கிய ‘ஜோம்பி 2’ (1979) படத்தில் வருவது. அது நிஜச் சுறா. ஜோம்பியாக நடித்தவர் ரமோன் பிராவோ, மெக்சிகோவைச் சேர்ந்த நீருக்கடிப் படப்பிடிப்பாளர். அழுகிய முகம் போல மேக்கப் போட்டுக்கொண்டு, சுவாசக் கருவி எதுவும் இல்லாமல் ஒரு மனிதர் அந்தச் சுறாவைக் கட்டிப் பிடிக்கிறார். இதை மகனிடம் சொல்லிவிட்டு அந்தக் காட்சியை மறுபடி போட்டுக் காட்டுங்கள்.

ஃபுல்சி போன்ற இயக்குநர்களுக்கெல்லாம் மூத்தவர் மரியோ பாவா. அடிப்படையில் ஒளிப்பதிவாளர். 1957ல் வந்த ‘இ வாம்பிரி’ படத்தின் இயக்குநர் ரிக்கார்டோ ஃப்ரெடா பாதியில் விலகிவிட, ஒளிப்பதிவு செய்துகொண்டிருந்த பாவாதான் மீதியை எடுத்து முடித்தார். அதில் ஓர் அழகி நம் கண்ணெதிரே, வெட்டே இல்லாத ஒரே ஷாட்டில், கிழவியாகிறாள். அதற்குத் தேவைப்பட்டது மேக்கப்பும் இரண்டு நிற விளக்குகளும்தான். முகத்தில் சுருக்கங்களைச் சிவப்பில் வரைந்துவிட்டுச் சிவப்பு ஒளியைப் பாய்ச்சினால் கோடுகள் தெரியாது. ஒளியை மெல்லப் பச்சைப் பக்கம் கொண்டுபோனால் அதே கோடுகள் கறுத்து எழும்பும். கறுப்பு வெள்ளை ஃபிலிம் என்பதால் ஒளியின் நிறம் மாறியதே நமக்குத் தெரியாது. ஹாலிவுட் 1931லேயே ‘டாக்டர் ஜெகில் அண்ட் மிஸ்டர் ஹைட்’ படத்தில் இதைச் செய்துவிட்டது, உண்மைதான். ஆனால் எப்படிச் செய்தார்கள் என்று தெரிந்த பிறகும் பாவாவின் அந்த ஷாட் என்னைத் திடுக்கிட வைக்கிறது.

அப்புறம் ‘பிளானட் ஆஃப் தி வாம்பயர்ஸ்’ (1965). ஒரு வேற்றுக் கிரகத்தையே காட்ட வேண்டும். அவருக்குக் கிடைத்தவை ஏதோ புராணப் படத்துக்குச் செய்து மிஞ்சிய இரண்டு பிளாஸ்டிக் பாறைகள். கண்ணாடிகளை வைத்து அவற்றைப் பெருக்கினார். தரை தெரியாதபடி புகையைப் பரப்பினார். புகைக்குள் சிவப்பும் நீலமுமாக ஒளியை அடித்தார். வெறும் ஸ்டுடியோ தரை என்பதை மறைக்கப் போட்ட அந்தப் புகையே படத்தின் பயமாக ஆகிவிட்டது. கோடிகளைக் கொட்டி உருவாக்கும் கிரகங்களில் எனக்கு இந்தப் பயம் வருவதில்லை.

வாயசைவு ஒட்டாததைப் பிழையாக எண்ண வேண்டாம். அந்தக் காலத்தில் ரோமில் எடுத்த பெரும்பாலான படங்களில் படப்பிடிப்பின்போது ஒலியைப் பதிவு செய்வதில்லை. பல நாட்டு நடிகர்கள் ஒரே காட்சியில் அவரவர் மொழியில் பேசுவார்கள், பிறகு எல்லாருக்கும் டப்பிங். அதனால் இத்தாலிய வடிவமும் டப்பிங்தான். ஃபுல்சியின் ‘தி பியாண்ட்’ (1981) போன்ற படங்களில் கதை கோவையாக இல்லாததும் தெரிந்தே செய்தது. கதையை விட்டுவிட்டுக் காட்சிகளாலேயே ஒரு கெட்ட கனவை உண்டாக்க அவர் விரும்பினார். எல்லா இடத்திலும் அது கைகூடவில்லை. நிஜச் சிலந்திகளோடு கலந்துவிட்ட இயந்திரச் சிலந்திகள் அப்பட்டமாகத் தெரிகின்றன. ஆனால் கடைசியில் நாயகனும் நாயகியும் சாம்பல் நிற வெளியில் வந்து நிற்கிறார்களே, அங்கே தர்க்கத்தை யார் தேடுவார்கள்?

போலீஸ் படங்களை இதைவிட உயர்வாகவே சொல்வேன். 1969 டிசம்பர் 12 அன்று மிலான் நகரின் பியாஸ்ஸா ஃபொந்தானா வங்கியில் குண்டு வெடித்து 17 பேர் இறந்தார்கள். அதன்பின் பத்தாண்டுகளுக்கு மேல் குண்டுவெடிப்பு, கடத்தல், கொலை என்று அந்த நாடு தூக்கமில்லாமல் இருந்தது. 1978ல் முன்னாள் பிரதமர் ஆல்டோ மோரோவையே கடத்திக் கொன்றார்கள். அந்தப் பதற்றம் இந்தப் படங்களின் தெருக்களில் அப்படியே இருக்கிறது. செட் போடக் காசில்லை, ஆகவே நிஜத் தெருவில், பல நேரம் அனுமதிகூட வாங்காமல் காரை ஓட்டினார்கள். சில படங்கள் சட்டத்தைக் கையில் எடுக்கும் போலீஸ்காரனைக் கொண்டாடுகின்றன. அது எனக்கு ஒப்பாது. ஃபெர்னாண்டோ டி லியோவின் ‘மிலானோ கலிப்ரோ 9’ (1972) அப்படிப்பட்டதல்ல. சிறையிலிருந்து வெளிவரும் ஒருவனைப் பணத்தைத் திருடியவன் என்று பழைய கும்பல் துரத்துகிறது. கதை அவ்வளவுதான். நடுநடுவே வலதுசாரி அதிகாரியும் இடதுசாரி உதவியாளரும் ஏழை, பணக்காரன், சட்டம் பற்றிச் சண்டை போட்டுக்கொள்கிறார்கள். மலிவுப் படத்துக்கு இது வேண்டாத வேலை. ஆனால் எழுதி இயக்கியவருக்குச் சொல்ல ஏதோ இருந்திருக்கிறது.

1980களின் ‘மேட் மேக்ஸ்’, ‘ராம்போ’ நகல்களில் பெரும்பாலானவற்றை விட்டுவிடலாம். தனியார் டிவி பரவித் தியேட்டர்கள் காலியாகிக்கொண்டிருந்த காலம், கையும் அசந்துவிட்டது.

நரமாமிசம் தின்போர் பற்றிய படங்களை உங்கள் மகனுக்கு மட்டுமல்ல, யாருக்கும் சொல்ல மாட்டேன். ‘கேனிபல் ஹோலோகாஸ்ட்’ (1980) படத்தில் கேமராவுக்காக விலங்குகளை உண்மையாகவே கொன்றிருக்கிறார்கள். எந்தக் கலைத்திறனும் அதற்குச் சமாதானம் ஆகாது.

அடுத்து ‘மிலானோ கலிப்ரோ 9’ பாருங்கள், அதன் பிறகு பாவாவின் ‘பிளாக் சண்டே’ (1960). முதல் படத்துக்கு இத்தாலிய ஒலியும் சப்டைட்டிலும் சரியாக இருக்கும். ‘தி பியாண்ட்’ பார்ப்பதாக இருந்தால் ஆங்கிலத்தில் பாருங்கள். அதன் நாயகனும் நாயகியும் படப்பிடிப்பில் ஆங்கிலத்தில்தான் பேசினார்கள், அவர்களுக்காவது வாயசைவு ஒட்டும்.