அண்ணனிடம் அம்மாவே சொல்லட்டும்
தங்கச்சி, சித்திரைப் புத்தாண்டுக்கு எல்லோரும் கல்முனை வீட்டில் கூடியிருக்கும் நேரத்தில், அம்மா அந்த வீட்டை இளையவளுக்கு எழுதிக்கொடுத்த உறுதிப் பத்திரம் உங்கள் கண்ணில் பட்டிருக்கிறது. அண்ணனிடம் சொல்லவா என்று கேட்கிறீர்கள். நீங்கள் சொல்லாதீர்கள்.

மகளுக்கு வீடு கொடுப்பது நம் கிழக்கிலங்கையில் காலங்காலமாக உள்ள வழக்கம், அண்ணனும் அறிவார். ஒளித்துச் செய்ததுதான் அவரை வதைக்கும், அதுவும் கூரை போடப் பணம் அனுப்பியவரை.

புத்தாண்டுக் கைவிசேடப் பணம் எல்லாம் கொடுத்து முடிந்த மறுநாள் அம்மாவிடம் தனியே பேசுங்கள். நொத்தாரிசு முன் எழுதிக் காணிப் பதிவகத்தில் பதிந்த உறுதியை யாரும் தேடிப் பார்க்கலாம் என்பதை அவருக்கு விளக்குங்கள். அண்ணன் பயணம் புறப்படுமுன் அம்மா தன் வாயாலேயே சொல்லட்டும்; நீங்கள் பக்கத்தில் இருங்கள். இளையவளைக் கடியாதீர்கள், பாவம். அவள் கேட்டு வாங்கியதாக நீங்கள் எழுதவில்லையே.