உலக சினிமா பார்க்க எங்கே போவது? கேள்விகளும் என் பதில்களும்

டிசம்பர் திரைப்பட விழா நெருங்க நெருங்க ஒரே கேள்விகள் திரும்பத் திரும்ப வருகின்றன. ஆளாளுக்குத் தனியாகச் சொல்லி மாளவில்லை, எல்லாரும் ஒரே இடத்தில் கேளுங்கள் என்றேன். கேட்டதில் எனக்குப் பதில் தெரிந்தவை இவை. படம் எடுப்பது பற்றி என்னிடம் கேட்காதீர்கள், நான் பார்க்கிற கூட்டம்.

பெரம்பூர் பாலா: சென்னைத் திரைப்பட விழாவுக்கு இதுவரை போனதில்லை. சினிமாக்காரர்களுக்கு மட்டும்தானா? எப்படி ஆரம்பிப்பது?

யார் வேண்டுமானாலும் போகலாம். இண்டோ சினி அப்ரிசியேஷன் ஃபவுண்டேஷன் 2003-லிருந்து நடத்தும் விழா இது. டிசம்பர் நடுவில் ஒரு வாரத்துக்குக் கொஞ்சம் கூடுதலாக ஓடும். இணையத்தில் பதிவு செய்து டெலிகேட் பாஸ் வாங்கிவிட்டால் எல்லா நாளும் காலையிலிருந்து இரவு வரை எந்தப் படத்துக்கும் போகலாம். ஒரு காலத்தில் உட்லண்ட்ஸ், அப்புறம் தேவி, அண்ணா, காசினோ, ரஷ்ய கலாச்சார மையம் என்று விழா ஊர் முழுக்கச் சிதறிக் கிடந்தது. ஒரு படம் முடிந்ததும் அண்ணா சாலையில் ஓடிப்போய் அடுத்ததைப் பிடிக்க வேண்டும். சமீப வருஷங்களில் ராயப்பேட்டை சத்யம் வளாகத்துக்குள்ளேயே பெரும்பாலும் முடிந்துவிடுவதால் ஒரு ஸ்கிரீனிலிருந்து இன்னொன்றுக்கு மாடி ஏறினால் போதும்.

ஆனால் பாஸ் கையில் இருந்தால் நாற்காலி இருக்கிறது என்று அர்த்தமில்லை. வரிசையில் முன்னால் நிற்பவருக்குத்தான் இடம். கல்யாண வீட்டில் அடுத்த பந்திக்கு நாற்காலிக்குப் பின்னாலேயே போய் நிற்போமே, அந்த சாமர்த்தியம் இங்கேயும் வேண்டும். முந்தின படத்தின் பெயர்ப் பட்டியல் ஓடும்போதே அடுத்த வரிசை வெளியே பாதி நீளத்துக்கு வந்திருக்கும். முதல்முறை போகிறவர்கள் சனி, ஞாயிறில் போகாமல் ஒரு செவ்வாயோ புதனோ லீவு போட்டுவிட்டுப் போங்கள். காலைக் காட்சியில் நிம்மதியாக உட்காரலாம். ஒரு நாளைக்கு மூன்று படத்துக்கு மேல் வேண்டாம். ஐந்து பார்த்தேன் என்று பீற்றிக்கொள்பவரிடம் நாலாவது படத்தின் கதையைக் கேட்டுப் பாருங்கள்.

அப்புறம் ஒன்று, இதை இன்னும் பலமுறை சொல்லப்போகிறேன்: விளக்கு அணைந்தபின் போனைத் திறக்காதீர்கள். வாட்ஸ்அப் வெளிச்சம் பின்னால் பத்து வரிசைக்குத் தெரியும்.

கார்த்தி: கட்டணம் எவ்வளவு?

ஆயிரம் ரூபாயை ஒட்டி இருக்கும், மாணவர்களுக்குச் சலுகை உண்டு. அந்தந்த வருஷ அறிவிப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

சுபா, தாம்பரம்: நூறு படத்துக்கு மேல் பட்டியல் போடுகிறார்கள். இயக்குநர் பெயரே வாயில் நுழையவில்லை. எதை வைத்துத் தேர்ந்தெடுப்பது?

நல்ல கேள்வி. பெரும்பாலானவர்கள் செய்வது, கான், வெனிஸ், பெர்லினில் பரிசு வாங்கிய படங்களை மட்டும் வட்டம் போட்டுக்கொண்டு அந்த வரிசையில் நெருக்கியடித்து நிற்பது. அது எனக்குப் புரிந்ததே இல்லை. பெரிய பரிசு வாங்கிய படம் இன்றில்லாவிட்டால் நாளை எப்படியும் உங்களிடம் வந்துவிடும். 2019-ல் கான் விழாவில் முதல் பரிசான தங்கப்பனை வாங்கிய ‘பாரசைட்’ 2020 ஜனவரி கடைசியில் நம் தியேட்டர்களிலேயே ஓடியது. 2024-ல் அங்கேயே இரண்டாவது பரிசான கிராண்ட் பிரீ வாங்கிய பாயல் கபாடியாவின் ‘ஆல் வி இமேஜின் ஆஸ் லைட்’ அதே வருஷம் நவம்பரில் வந்துவிட்டது. கிர்கிஸ்தானிலிருந்தோ பராகுவேயிலிருந்தோ வரும் ஒரு முதல் படத்துக்கு அந்த வாய்ப்பில்லை. அதன் உரிமையை வாங்கி இந்தியாவில் வெளியிட யாரும் வரமாட்டார்கள். அந்த ஒரு காட்சியை விட்டால் விட்டதுதான். விழாவுக்குப் போவதே அதற்காகத்தான் என்பது என் கட்சி.

நான் பார்ப்பது வருஷம், நாடு, ஓடும் நேரம், படத்தின் ஒரு ஸ்டில். கதைச்சுருக்கத்தில் முதல் வரியோடு நிறுத்திக்கொள்வேன், விழாக் கையேடுகளில் பல சமயம் முடிவையே சொல்லிவிடுகிறார்கள். பட்டியலில் பழைய வருஷம் போட்ட படம் இருந்தால் அது யாரோ ஓர் இயக்குநரின் பழைய படங்களைத் திரும்பப் போடும் ரெட்ரோஸ்பெக்டிவ் வரிசையில் வந்திருக்கும், அதைக் கண்ணை மூடிக்கொண்டு குறித்துவைப்பேன். ஒரு காட்சிக்கு இரண்டு படத்தைக் குறித்துக்கொள்ளுங்கள், ஒன்றில் இடம் கிடைக்காவிட்டால் மற்றதற்கு நகரலாம். ஷெட்யூல் கடைசி நிமிஷத்தில் மாறும். காரணம் பல சமயம் அலட்சியம் இல்லை. படம் டிசிபி என்கிற கோப்பாக ஹார்ட் டிஸ்கில் வருகிறது. அதைத் திறக்கும் டிஜிட்டல் சாவி குறிப்பிட்ட நாள், குறிப்பிட்ட நேரம், குறிப்பிட்ட புரொஜெக்டர் சர்வருக்கு மட்டும்தான் வேலை செய்யும். ஒரு விழாவில் நிரம்பிய அரங்கில் கறுப்புத் திரையைப் பார்த்துக்கொண்டு நெடுநேரம் உட்கார்ந்திருந்தோம். படம் கையில் இருந்தது, அந்தத் திரைக்கான சாவி மட்டும் வரவில்லை. கடைசியில் வேறு படம் போட்டார்கள். போட்டதை உட்கார்ந்து பார்த்தோம்.

மணி: பார்க்க வேண்டிய டாப் டென் படங்கள் சொல்லுங்கள்.

மாட்டேன். சுபாவுக்குச் சொன்னதைப் படியுங்கள்.

செந்தில், ஆவடி: எட்டாம் வகுப்புப் பையனை அழைத்துப் போகலாமா?

முடியாது சார், 18 வயது நிரம்பியிருக்க வேண்டும். விழாப் படங்கள் தணிக்கைச் சான்றிதழ் இல்லாமல், தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் தரும் விலக்கில் திரையிடப்படுகின்றன. பதிவு செய்தவர்களுக்கு மட்டும் என்ற கட்டுப்பாடு வருவதும் அதனால்தான். அந்த விலக்கு தானாகக் கிடைத்துவிடும் என்றும் இல்லை. 2017-ல் கேரளத்தின் ஆவணப்பட, குறும்பட விழாவில் மூன்று படங்களுக்கு மறுத்துவிட்டார்கள்.

பெயர் வேண்டாம்: அப்படியென்றால் அன்சென்சார்ட்தானே? எந்தப் படத்தில் ‘சீன்’ இருக்கும்?

இந்தக் கேள்விக்கு வயது முப்பது இருக்கும். அடுத்தது.

வினோத், நாகர்கோவில்: கேரள விழா எங்களுக்குப் பக்கம். சென்னையா, திருவனந்தபுரமா, கோவாவா?

நாகர்கோவிலில் இருந்துகொண்டு இதைக் கேட்கலாமா? ரயில் ஏறினால் இரண்டு மணி நேரத்துக்குள் திருவனந்தபுரம் ஸ்டேஷன் இருக்கும் தம்பானூரில் இறங்கிவிடலாம், எதிரிலேயே கைரளி, ஸ்ரீ, நிளா தியேட்டர்கள். கேரள விழா 1996-ல் கோழிக்கோட்டில் தொடங்கியது, இப்போது கேரள அரசின் சலச்சித்திர அகாடமி நடத்துகிறது. அங்கே ஒரு படத்தை இரண்டு மூன்று முறை போடுவார்கள். முந்தின நாளே ஆன்லைனில் சீட் முன்பதிவு உண்டு, திறந்த சில நிமிஷத்தில் பெரிய படங்கள் காலி. முன்பதிவு செய்தவனுக்கும் வரிசையில் நிற்பவனுக்கும் தகராறு வருவதும் வாடிக்கை. 2022-ல் மம்மூட்டி நடித்த ‘நண்பகல் நேரத்து மயக்கம்’ திரையிட்டபோது டாகூர் தியேட்டரில் அது பெரிய ரகளையாகிப் போலீஸ் வழக்கு வரைக்கும் போனது. சினிமாவுக்காகச் சண்டை போடும் ஊர் என்று எனக்கு அதில் கொஞ்சம் பொறாமைகூட உண்டு. அங்கே ஆட்டோக்காரர் ‘கிம் கி டுக் படம் பார்த்தாச்சா’ என்று கேட்பார் என்று ஒரு கதை சுற்றுகிறது. ஆட்டோக்காரர் கேட்டாரோ இல்லையோ, அந்தக் கொரிய இயக்குநர் 2013-ல் விழாவுக்கு வந்தபோது நட்சத்திர நடிகருக்குக் கூடும் கூட்டம் கூடியது நிஜம்.

சிக்கல் என்னவென்றால் சென்னை விழாவும் கேரள விழாவும் பெரும்பாலும் ஒன்றோடொன்று மோதும். 2024-ல் சென்னை டிசம்பர் 12-லும் கேரளம் 13-லும் தொடங்கின. எனக்கென்றால் கேரளம். கோவா நவம்பர் 20-ஐ ஒட்டி வரும் மத்திய அரசு விழா, 2004-லிருந்து அங்கேயே நடக்கிறது. படங்கள் அதிகம், தங்கும் செலவும் அதிகம்.

ஜெயா, மதுரை: எல்லாம் தலைநகரங்களுக்குத்தான். எங்களுக்கு என்ன?

உங்கள் ஊரிலேயே மறுபக்கம் அமைப்பு 1998-லிருந்து ஆவணப்பட, குறும்பட விழா நடத்துகிறது, தெரியாதா? கோவையில் கோணங்கள் ஃபிலிம் சொசைட்டி திரையிட்டிருக்கிறது. முற்போக்கு எழுத்தாளர் கலைஞர்கள் சங்கமான தமுஎகச பல ஊர்களில் உலகத் திரைப்பட விழா நடத்தியிருக்கிறது. புதுச்சேரியில் அரசும் பிரெஞ்சுப் பண்பாட்டு மையமான அலியான்ஸ் பிரான்சேஸும் சேர்ந்து இந்தியப் படங்களுக்கு ஒரு விழா நடத்துகிறார்கள். இதற்கெல்லாம் பேனர் வைக்கமாட்டார்கள். அமைப்புகளைப் பின்தொடர்ந்து நீங்கள்தான் தேடிப் போக வேண்டும்.

அருண்: டிக்கெட் எவ்வளவு?

மேலே கார்த்தி.

ரமணி, திருவண்ணாமலை: தமிழ் வழியில் படித்தவன். ஆங்கில சப்டைட்டில் படித்து முடிப்பதற்குள் அடுத்த வரி வந்துவிடுகிறது. ஒருமுறை வந்துவிட்டு அவமானமாகத் திரும்பினேன். தமிழில் போடமாட்டார்களா?

இதில் நீங்கள் அவமானப்பட ஒன்றுமில்லை. வேகமாகப் பேசும் பிரெஞ்சுப் படத்தில் ஆங்கிலம் சரளமாகத் தெரிந்தவர்களே பாதியைத்தான் பிடிக்கிறார்கள், மீதியை முகத்தைப் பார்த்து ஊகிக்கிறார்கள். வசனம் குறைந்த படங்களில் ஆரம்பியுங்கள். ஈரான், துருக்கி, ஜப்பான் என்று எத்தனையோ இருக்கின்றன. முன்வரிசையில் உட்காராதீர்கள், நடுவிலிருந்து கொஞ்சம் பின்னால் உட்கார்ந்தால் வரியும் படமும் ஒரே பார்வையில் அகப்படும்.

தமிழில் போட முடியுமா என்றால், முடியும். இத்தாலியில் திரைக்குக் கீழே தனிப் பட்டையில் இன்னொரு மொழியை ஓட்டுகிறார்கள், படத்தில் கைவைக்கவே வேண்டாம்.

மாலதி, தஞ்சை (இதற்கு மறுப்பு): இரண்டு வரி ஓடினால் கண் எங்கே நிற்கும்? படம் பார்க்கவா படிக்கவா? ஆங்கிலம் பழகிக்கொள்வதுதான் வழி.

மாலதி, உங்களுக்கும் எனக்கும் பழகிவிட்டது என்பதற்காக அதை நுழைவுத் தேர்வாக வைக்க முடியாது. கேரளத்தில் 2012-லிருந்து எம்சோன் என்ற தன்னார்வக் கூட்டம் ஆயிரக்கணக்கான உலகப் படங்களுக்கு மலையாளத்தில் சப்டைட்டில் எழுதியிருக்கிறது, சம்பளம் கிடையாது. அங்கே விழாவில் அத்தனை இளைஞர்கள் நிற்பதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்றா நினைக்கிறீர்கள்?

மாலதி: அந்தப் பையன்களெல்லாம் டவுன்லோட் செய்து பார்க்கிறவர்கள். தியேட்டர் கலாச்சாரம் வளர்ந்ததற்கு அதைக் காரணம் சொல்கிறீர்களா?

ஆமாம், சொல்கிறேன். நம் தலைமுறை மட்டும் என்னவாம்? சென்னை பாரிமுனையில், பர்மா பஜாரில் பிளாஸ்டிக் உறையில் போட்ட டிவிடியைப் பேரம் பேசி வாங்கிப் பார்த்துத்தானே உலக சினிமா பேசக் கற்றுக்கொண்டோம். விகடனில் ஒளிப்பதிவாளர் செழியன் எழுதிய உலக சினிமா தொடரைப் படித்துவிட்டு, அந்தப் பெயர்களைத் தாளில் எழுதிக்கொண்டு பாரிமுனைக்குப் போனவர்கள் இன்று விழா வரிசையில் நிற்கிறார்கள். தமிழில் எழுதப்பட்டதால்தானே வந்தார்கள்?

ரமணி: மாலதி அம்மா சொல்வதும் சரிதான். ஆனால் நாங்கள் ஆங்கிலம் பழகி முடிக்கும்வரை படங்கள் காத்திருக்குமா?

இதற்குமேல் நான் சொல்ல ஒன்றுமில்லை. மாலதி பதில் எழுதினால் நானும் படிக்கிறேன்.

பிரபு: டெலிகிராம் லிங்க் இருக்கா?

பர்மா பஜாரைச் சொன்னதும் இது வரும் என்று தெரியும். இல்லை.

கவின், கல்லூரி மாணவன்: சுயாதீனத் தமிழ்ப் படம் ரிலீஸ் ஆனது என்று கேள்விப்பட்டுப் போவதற்குள் தூக்கிவிடுகிறார்கள். ஏன்?

தம்பி, நீங்கள் ஞாயிற்றுக்கிழமை போகிறீர்கள், அவர்கள் வெள்ளி, சனியிலேயே முடிவு செய்துவிடுகிறார்கள். சின்னப் படத்துக்குக் கிடைப்பது காலைக் காட்சியும் மதியம் ஓரமாக ஒன்றும்தான். வேலை நாளில் காலையில் யார் வருவார்கள்? முதல் இரண்டு நாளில் ஆள் இல்லையென்றால் அந்தக் காட்சி பெரிய படத்துக்குப் போய்விடும். நெதர்லாந்தின் ரோட்டர்டாம் விழாவில் 2021-ல் டைகர் விருது வாங்கிய ‘கூழாங்கல்’ தியேட்டருக்கு வராமல் 2023-ல் நேராக ஓடிடிக்குப் போனது. அதை எடுத்த வினோத்ராஜின் ‘கொட்டுக்காளி’ 2024 ஆகஸ்ட் 23 அன்று தியேட்டருக்கு வந்தது, அதே வெள்ளிக்கிழமை மாரி செல்வராஜின் ‘வாழை’யும் வந்தது. பின்னணி இசையே இல்லாத படம் ‘கொட்டுக்காளி’. ஒரு நீளமான காட்சியில் ஆட்டோவின் இரைச்சலும் எங்கோ கூவும் சேவலும் மட்டும் கேட்டுக்கொண்டிருக்கும்போது, பக்கத்து இருக்கைக்காரர் போனை எடுத்து கிரிக்கெட் ஸ்கோர் பார்த்தார். (போன்!) அந்தச் சத்தங்களைக் கைபேசித் திரையில் கேட்க முடியாது, அதனால்தான் வெள்ளி, சனிக்குள் போங்கள் என்கிறேன்.

தினேஷ்: என் குறும்படத்தை விழாவுக்கு அனுப்புவது எப்படி?

என் வேலை இல்லை என்று முதலிலேயே சொன்னேன். விழாக்களுக்குப் படம் அனுப்ப உதவும் ஃபிலிம்ஃப்ரீவே தளத்தில் பாருங்கள். மாதாமாதம் ‘சர்வதேச விருது’ தந்து போஸ்டரில் ஒட்ட இலை முத்திரை அனுப்பும் விழாக்களுக்கு மட்டும் பணம் கட்டாதீர்கள், அங்கே பெரும்பாலும் படத்தை யாரும் திரையிடுவதில்லை.

நித்யா, வேளச்சேரி: அண்ணா, வருஷத்தில் மற்ற மாதங்களில் எங்கே பார்ப்பது? இரவுக் காட்சிக்குத் தனியாக வரலாமா?

நுங்கம்பாக்கத்தில் அலியான்ஸ் பிரான்சேஸ், ஜெர்மன் பண்பாட்டு மையமான கெதே இன்ஸ்டிட்யூட், ஆழ்வார்பேட்டையில் ரஷ்ய மையம். மூன்றின் நிகழ்ச்சி அறிவிப்புகளையும் பின்தொடருங்கள். பெரும்பாலும் இலவசம், மாலை ஆறரைக்குத் தொடங்கி ஒன்பதுக்குள் முடிந்துவிடும். விழா நாட்களில் கடைசிக் காட்சிக்கும் தனியாக வரும் பெண்கள் நிறையப் பேர் உண்டு, கூட்டம் கலையும்வரை வாசலில் விளக்கும் ஆட்களும் இருக்கும். ஆனால் அந்தக் காட்சி தாமதமாகத்தான் தொடங்கும், மெட்ரோ இரவு 11 மணியோடு சரி. படத்தின் நீளம் இரண்டே கால் மணி நேரத்துக்கு மேல் என்றால் ஓர இருக்கையாகப் பிடித்துக்கொள்ளுங்கள், அல்லது திரும்ப அழைத்துப்போக முன்கூட்டியே யாரிடமாவது சொல்லிவையுங்கள்.