நியூரோஃபைப்ரோமடோசிஸும் முதுகு வளைவும்: கேள்வி-பதில்

நியூரோஃபைப்ரோமடோசிஸ் என்பது நரம்புகளில் கட்டிகள் வளரும் மரபணு நோய். இதில் முதுகெலும்பும் வளைவதுண்டு. இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் வளைவு எத்தனை டிகிரி என்பது மட்டும்தான் இருக்கிறது. வயது இல்லை. பக்கவாட்டு எக்ஸ்ரே எடுத்தீர்களா என்பதும் இல்லை. இதெல்லாம் தெரியாமல் ஆபரேஷன் வேண்டுமா வேண்டாமா என்று யாராலும் சொல்ல முடியாது. இனி எழுதும்போது நோயாளியின் வயது, நேர், பக்கவாட்டு எக்ஸ்ரே இரண்டின் விவரம், கால் பலவீனம் உண்டா இல்லையா என்பதைச் சேர்த்து எழுதுங்கள். கீழே உள்ள பதில்கள் இந்த நோயின் டைப் 1 வகை உள்ளவர்களுக்கு மட்டும்.

மகளுக்கு 8 வயது. உடம்பில் காபி நிறத் திட்டுகள் நிறைய. முதுகில் 15 டிகிரி வளைவு. மற்றப் பிள்ளைகளுக்கு வரும் ஸ்கோலியோசிஸ் (முதுகு பக்கவாட்டில் வளைவது) மாதிரிதானா இது?

15 டிகிரி என்பதை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. இந்த நோயில் வளைவு இரண்டு வகை. ஒன்று மற்றப் பிள்ளைகளுக்கு வருவது போலவே நடந்துகொள்ளும். இன்னொன்று டிஸ்ட்ரோஃபிக். இதில் நாலைந்து முள்ளெலும்புகளுக்குள்ளேயே வளைவு செங்குத்தாக ஒடிந்து நிற்கும், முள்ளெலும்பின் பின்விளிம்பு குழிந்திருக்கும், நரம்பு வெளிவரும் துளைகள் அகன்றிருக்கும், விலா எலும்புகள் சீவிய பென்சில் போல மெலிந்திருக்கும். இரண்டாவது விலாவின் மிக ஒல்லியான இடத்தைவிட ஒரு விலா ஒல்லியாக இருந்தால் அதைக் கணக்கில் சேர்க்க வேண்டும். அப்படி மூன்று, நாலு விலா இருந்தால் வளைவு கூடத்தான் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இன்று சாதாரணமாகத் தெரிவது பின்னால் டிஸ்ட்ரோஃபிக்காக மாறுவதும் உண்டு, அதிலும் 7 வயதுக்கு முன்பே வளைவு தொடங்கியிருந்தால். ஆறு மாதத்துக்கு ஒருமுறை எக்ஸ்ரே எடுத்துப் பாருங்கள். எம்ஆர்ஐ ஒருமுறை எடுத்துவிடுங்கள்.

எக்ஸ்ரே தெளிவாக இருக்கிறது. ஆபரேஷனுக்கு முன் எம்ஆர்ஐயும் தேவையா?

கட்டாயம் தேவை. தண்டுவடம் செல்லும் எலும்புக் கால்வாய்க்குள் கட்டி இருக்கலாம், தண்டுவட உறை ஊதியிருக்கலாம், விலா எலும்பின் தலை உள்ளே நுழைந்து தண்டுவடத்தைத் தொட்டுக்கொண்டிருக்கலாம். இதைப் பார்க்காமல் வளைவை நிமிர்த்தினால் கால் செயலிழந்துபோகலாம். முள்ளெலும்பில் முடுக்கும் பெடிக்கிள் ஸ்க்ரூவை எலும்பு தாங்குமா என்று பார்க்க சிடியும் வேண்டும்.

மகனுக்கு 9 வயது. ஒன்றரை வருடமாக பிரேஸ் (முதுகை இறுக்கித் தாங்கும் கட்டு) போடுகிறோம். 28 டிகிரியாக இருந்தது 52 ஆகிவிட்டது. "வளர்ச்சி முடியட்டும், பிறகு பார்க்கலாம்" என்கிறார்கள். விலா எலும்புகள் மெலிந்திருப்பதாக ரிப்போர்ட்டில் இருக்கிறது.

இதே கடிதம் வேறு வேறு கையெழுத்தில் எனக்கு வந்துகொண்டே இருக்கிறது. ஒவ்வொரு முறையும் மனம் கொதிக்கிறது. டிஸ்ட்ரோஃபிக் வளைவை பிரேஸ் நிறுத்தாது. எலும்பு நன்றாக இருந்து வளர்ச்சி மட்டும் கோணலாகப் போகும் பிள்ளைக்குத்தான் பிரேஸ் உதவும். இங்கே எலும்பே மெலிந்து குழிந்து போயிருக்கிறது. வெளியிலிருந்து எத்தனை இறுக்கிக் கட்டினாலும் வளைவின் உச்சியில் உள்ள முள்ளெலும்பு சுழன்றுகொண்டேதான் இருக்கும்.

உங்கள் ரிப்போர்ட்டில் மெலிந்த விலா என்று எழுதியிருந்ததே, அதை யாராவது படித்தார்களா? 28 டிகிரியில் இருந்தபோதே ஃப்யூஷன் (முள்ளெலும்புகளை ஒன்றாக ஒட்டவைக்கும் ஆபரேஷன்) பற்றிப் பேசியிருக்க வேண்டும். இந்த வகையில் 20 முதல் 40 டிகிரிக்குள்ளேயே பின்பக்கமிருந்து ஸ்க்ரூ, ராட் போட்டு எலும்பை இணைத்துவிடுவது வழக்கம். அந்தக் கட்டத்தில் வளைவு இன்னும் நெகிழும், ஸ்க்ரூ பிடிக்க எலும்பும் இருக்கும். காத்திருந்தால் கூன் சேரும். கூன் 50 டிகிரியைத் தாண்டினால் பின்பக்க ஃப்யூஷன் மட்டும் பெரும்பாலும் நிலைக்காது, முன்பக்கமும் செய்ய வேண்டியிருக்கும். சில சமயம் அதற்கு முன்பே வாரக்கணக்கில், தலையில் வளையம் மாட்டி மெல்ல இழுக்கும் ஹாலோ டிராக்‌ஷனில் வைக்கவும் நேரும்.

"உயரம் குறைந்துபோகுமே" என்ற பயம்தான் எல்லோரையும் தள்ளிப்போட வைக்கிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள். நெஞ்சுப் பகுதி முள்ளெலும்பு ஒன்று வருடத்துக்கு முக்கால் மில்லிமீட்டர் போல வளரும். எட்டு முள்ளெலும்பை இணைத்து, இன்னும் ஏழு வருட வளர்ச்சி பாக்கி என்றால் இழப்பு நாலு சென்டிமீட்டர் சுற்றி. அதுவும் நல்ல எலும்புக்கான கணக்கு. உங்கள் மகனின் எலும்பு வளர்வது உயரமாக அல்ல, கோணலாக. ஏற்கனவே 24 டிகிரி கூடியதில் அவன் இழந்த உயரத்தையும் பாருங்கள்.

இந்த மாதமே பக்கவாட்டு எக்ஸ்ரே, எம்ஆர்ஐ, சிடி மூன்றோடும் இந்த நோயில் பழக்கமுள்ள முதுகெலும்பு சர்ஜனிடம் போங்கள். நேரடி ஃப்யூஷனா, வளரும் ராடா (பிள்ளை வளர வளர நீட்டக்கூடிய ராட்) என்பதை அவர் நெஞ்சுக்கூட்டின் அளவைப் பார்த்து முடிவு செய்வார். வளர்ச்சி முடியும்வரை காத்திருப்பது மட்டும் கூடாது.

என் பிள்ளைக்கு 5 வயதுதான். வளரும் ராட் போடலாமா?

போடலாம். இந்த வயதில் நீளமாக ஃப்யூஷன் செய்தால் நுரையீரலுக்கு இடம் போதாது. பழைய ராட் என்றால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை சிறிய ஆபரேஷன் செய்து நீட்ட வேண்டும். காந்த ராடை வெளியிலிருந்தே நீட்டலாம், ஆனால் அது இருக்கும் இடம் எம்ஆர்ஐயில் மங்கிவிடும். கட்டிகளைத் தொடர்ந்து பார்க்க வேண்டிய பிள்ளைக்கு இது சின்ன விஷயம் இல்லை. ராடின் மேல்முனைப் பிடி எலும்பிலிருந்து கழன்றுவருவது இந்த நோயில் அடிக்கடி நடக்கிறது, அதையும் எதிர்பார்த்தே இறங்குங்கள்.

34 வயது. பெரிய கூன். இரண்டு வாரமாகக் கால் மரத்து, நடை தள்ளாடுகிறது. லேமினெக்டமி (முள்ளெலும்பின் பின்பக்க எலும்பை எடுப்பது) செய்து அழுத்தத்தை எடுத்தால் போதும் என்கிறார் ஒருவர்.

முதலில், இதற்குக் கடிதம் எழுதிக்கொண்டிருக்கக் கூடாது. இன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். கூன் தண்டுவடத்தை முன்பக்கமிருந்து நெருக்குகிறது. பின்பக்க எலும்பை மட்டும் எடுத்தால் முதுகு இன்னும் மடங்கும், நெருக்கம் கூடும். அழுத்தத்தை எடுக்கும்போதே ராட் போட்டு ஃப்யூஷனும் செய்ய வேண்டும். கட்டிதான் நெருக்குகிறது என்றாலும், அதை எடுத்த கையோடு முதுகை நிலைநிறுத்தியாக வேண்டும்.

மயக்க மருந்து கொடுக்கும் முன் ஏதாவது தனியாகப் பார்க்க வேண்டுமா?

இரண்டு. ரத்த அழுத்தம் கூடுதலாக இருந்தால் அட்ரினல் கட்டி இருக்கிறதா என்று சோதிக்கச் சொல்லுங்கள். கழுத்துக்குப் பக்கவாட்டு எக்ஸ்ரே எடுக்கச் சொல்லுங்கள். கழுத்தில் கூன் இருப்பது தெரியாமல் மூச்சுக்குக் குழாய் போடவோ டிராக்‌ஷன் மாட்டவோ போனால் ஆபத்து.

ஆபரேஷன் முடிந்து இரண்டு வருடம். ராட் உடைந்திருக்கிறது. வலி இல்லை. அப்படியே விடலாமா?

கூடாது. ராட் உடைந்தது என்றால் அந்த இடத்தில் எலும்பு ஒட்டவில்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள். சிடி எடுத்து உறுதி செய்துவிட்டு மறுபடி எலும்பு வைத்து இணைக்க வேண்டியிருக்கும். இந்த நோயில் ஒட்டாமல் போவது அதிகம். அதனால்தான் சில மாதத்துக்கு ஒருமுறை பக்கவாட்டு எக்ஸ்ரே எடுங்கள் என்று சொல்லிக்கொண்டே இருக்கிறேன்.

செலுமெடினிப் மாத்திரை சாப்பிட்டால் வளைவு சரியாகுமா?

ஆகாது. ஆபரேஷனில் எடுக்க முடியாத பிளெக்ஸிஃபார்ம் கட்டி (நரம்புகளை ஒட்டிப் படர்ந்து வளரும் கட்டி) உள்ள குழந்தைகளுக்காக 2020-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற மருந்து அது. கட்டி சுருங்கலாம், எலும்பு நிமிராது.

எனக்கு இந்த நோய் இருக்கிறது. பிள்ளைக்கும் வருமா?

ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. வந்தால் எவ்வளவு கடுமையாக இருக்கும் என்பதை உங்கள் உடம்பைப் பார்த்துச் சொல்ல முடியாது. நோய் உறுதியான பிள்ளையை வருடம் ஒருமுறை குனியச் சொல்லி முதுகைப் பாருங்கள். ஒரு பக்கம் மேடு தெரிந்தால் நேர், பக்கவாட்டு இரண்டு எக்ஸ்ரேயும் எடுங்கள்.